நாணலுக்கும் கரும்புக்கும் கல்யாணம் செய்து வைத்தவர்

பொங்கலுக்கு வாங்கி வரும் கரும்பை நீங்கள் நுனியிலிருந்து கடிப்பீர்களா, அடியிலிருந்து கடிப்பீர்களா? நுனியில் தொடங்கினால் கடிக்கக் கடிக்க இனிப்புக் கூடிக்கொண்டே போகும். அடியில் தொடங்கினால் குறைந்துகொண்டே வரும். சரி, அதை விடுங்கள். இதுவரை எத்தனையோ கரும்பு தின்றிருப்பீர்கள். என்றைக்காவது அதில் ஒரு விதையைப் பார்த்ததுண்டா?

கொய்யாவில் விதை உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் விதை உண்டு. முருங்கைக்காயில் உண்டு. கரும்பில்?

பல ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டான். அவன் வீட்டில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கரும்பு போட்டிருந்தார்கள். நான் சற்றும் யோசிக்காமல், கரும்புக்கு விதை கிடையாது, கரணையை வெட்டி நட்டால்தான் முளைக்கும் என்று சொல்லிவிட்டேன். அவனும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

நான் சொன்னது தவறு! அது தவறு என்று எனக்குத் தெரிந்தது, வெகுகாலம் கழித்து ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோதுதான். அவர் பெயர் டி.எஸ். வெங்கட்ராமன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, உலகமே திரும்பிப் பார்க்கும்படி புதுப்புதுக் கரும்புகளை உண்டாக்கியவர்.

வெங்கட்ராமன் 1884-ஆம் ஆண்டு பிறந்தார். அப்போது நம் நாட்டை ஆங்கிலேயர்கள் ஆண்டு வந்தார்கள். கரும்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே பயிராகி வருகிறது. ஆங்கிலத்தில் 'சுகர்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து போன 'சர்க்கரா' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனாலும் வேடிக்கை பாருங்கள். சர்க்கரைக்குப் பெயர் கொடுத்த நாடு, ஜாவா தீவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரையை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது!

ஏன் அப்படி? வட இந்தியாவில் விளைந்த கரும்பு நாட்டுக் கரும்பு. விரல் பருமன்தான் இருக்கும். குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் சாறு குறைவு. தெற்கே நம் பக்கம் விளைந்த கரும்பு நல்ல பருமன், சாறும் அதிகம். அதைக் கொண்டுபோய்ப் பஞ்சாபில் நட்டால் அங்கே அடிக்கும் குளிரில் பட்டுப்போகும். போதாததற்குச் செவ்வழுகல் என்ற நோய் வேறு. கரும்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவப்புச் சிவப்பாக அழுகி இருக்கும்.

தெற்குக் கரும்பின் சாறும் வேண்டும், குளிரைத் தாங்கும் உடம்பும் வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த கரும்புக்கு எங்கே போவது?

இங்கேதான் கரணையால் வரும் சிக்கல். கரணை என்பது தாய்க் கரும்பின் ஒரு துண்டு. அது முளைத்து வந்தால் அச்சு அசலாகத் தாயைப் போலவே இருக்கும். தாத்தா நட்ட கரும்பும் பேரன் நட்ட கரும்பும் ஒன்றேதான். புதிய குணம் உள்ள கரும்பு வேண்டுமானால் அது விதையிலிருந்துதான் வர வேண்டும். ஏனென்றால் விதை என்பது அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து பெற்ற பிள்ளை. ஆனால் கரும்பு முளைக்கும் விதை தராது என்றுதான் உலகம் முழுவதும் அன்று நம்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போல!

இந்த நம்பிக்கை 1880-களின் பிற்பகுதியில் ஜாவாவிலும், மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படாசிலும் உடைந்தது. கரும்புப் பூவிலிருந்து விழுந்த விதைகள் முளைத்ததை அங்கிருந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். கரும்பு விதையைப் பார்த்தால் விதை என்றே தோன்றாது. கடுகை விட மெலிந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பட்டுப் போன்ற மயிர் இருக்கும். காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசு என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால்தான் அது அத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. விவசாயிகளும் கரும்பைப் பூக்க விடுவதில்லை. பூத்துவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும், உள்ளே சக்கை விழும்.

1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. வட இந்தியக் கரும்பைத் திருத்துவதற்கு எதற்காகக் கோயம்புத்தூர்? வடக்கே குளிரில் கரும்பு சரியாகப் பூக்காது. பூத்தாலும் நல்ல விதை பிடிக்காது. கோவையின் வெயிலும் காற்றும் கரும்புக்கு ஒத்துப்போய், ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளிக் குஞ்சம் கட்டியது போலப் பூத்து நிற்கும். பூ இருந்தால்தானே கல்யாணம்!

நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர். அவருக்கு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார் வெங்கட்ராமன். அப்போது அவருக்கு வயது 28.

இனி அவர்கள் செய்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், நாம் கரும்புப் பூவுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். வாருங்கள்.

குஞ்சம் போலத் தெரிவது ஒரு பூ அல்ல. ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த கதிர் அது. ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப் பைகள் தொங்கும். நடுவில் சூலகம். அதன் தலையில் இறகு போன்ற இரண்டு சூல்முடிகள். சூலகத்துக்குள் ஒரே ஒரு சூல். அந்தச் சூலுக்குள்தான் பெண் இனச்செல்லான அண்டம் பத்திரமாக இருக்கிறது.

மகரந்தப் பை காலையில் வெடிக்கும். தூள் காற்றில் பறக்கும். ஒரு மகரந்தத் தூள் எவ்வளவு சிறியது தெரியுமா? சுமார் இருபது தூள்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். நம் ஸ்கேலில் இருக்குமே, அந்தச் சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளி!

பலர் நினைப்பது போல மகரந்தத் தூளே ஆண் இனச்செல் அல்ல. தூள் ஒரு பல்லக்கு மாதிரி. ஆண் இனச்செல்கள் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கின்றன. கரும்பு, நெல், சோளம் போன்ற புல் இனத் தாவரங்களில், தூள் பையை விட்டுக் கிளம்பும்போதே உள்ளே இரண்டு ஆண் இனச்செல்கள் தயாராக இருக்கும். ஏன் இரண்டு என்று பிறகு சொல்கிறேன்.

இந்த ஆண் இனச்செல்களுக்குக் காலும் இல்லை, வாலும் இல்லை. தாமாக நகர முடியாது. மேகமலைப் பக்கம் போனால் பாறை இடுக்குகளில் பாசியும் பெரணியும் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் ஆண் செல்களுக்கு நூல் போன்ற இழைகள் உண்டு. ஈரத்தில் நீந்திப் போய் அண்டத்தைச் சேர்ந்துவிடும். அதனால் ஈரம் இல்லாத இடத்தில் அவற்றுக்குக் கல்யாணமே நடக்காது. பூக்கும் தாவரங்கள் அந்த நீச்சலை விட்டுவிட்டன. பதிலுக்குப் பல்லக்குத் தூக்க வேறு ஆள் பிடித்துக்கொண்டன. போடி மலை ஏலக்காய்ப் பூவுக்குத் தேனீ தூக்கும். கரும்புக்கும் நாணலுக்கும் காற்று தூக்கும்.

காற்று எடுத்துப் போய்ச் சூல்முடியில் சேர்த்துவிட்டால் அது மகரந்தச் சேர்க்கை. ஆனால் கருவுறுதல் இன்னும் நடக்கவில்லை! முப்பது ஆண்டுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டையும் ஒன்றாக எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் ஏராளம். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் மட்டும் உள்ளே வந்ததாகிவிடுமா?

சூல்முடியில் ஒட்டிய தூள் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைக்கும். இதற்கு மகரந்தக் குழாய் என்று பெயர். அது சூல்தண்டுக்குள் புகுந்து கீழே கீழே வளர்ந்து போகும். இரண்டு ஆண் இனச்செல்களும் அந்தக் குழாய் வழியே போகும். கரும்புப் பூவில் இந்தப் பயணம் குட்டையானது. மக்காச்சோளத்தில் ரொம்ப நீளம். கதிரின் நுனியில் தலைமயிர் போல் தொங்குகிறதே, அதில் ஒவ்வொரு மயிரும் ஒரு சோள மணிக்குப் போகும் வழி. ஒரு சாணுக்கும் அதிகமான அந்தத் தூரத்தைக் குழாய் ஒரே நாளில் வளர்ந்து கடந்துவிடும். சோளக் கதிரை உரிக்கும்போது இடையிடையே சில மணிகள் இல்லாமல் பொக்கையாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அந்த மயிருக்கு மகரந்தம் வந்து சேரவில்லை, அல்லது வந்த குழாய் வழியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

குழாய்க்கு வழி எப்படித் தெரிகிறது? அண்டத்தின் பக்கத்தில் இரண்டு துணைச் செல்கள் உண்டு. அவை ஒரு பொருளைச் சுரந்து, இந்தப் பக்கம் வா என்று கூப்பிடுகின்றன. அந்தப் பொருள் ஒரு சின்னப் புரதம் என்பதை டொரினியா என்ற பூச்செடியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009-இல்தான் கண்டுபிடித்தார்கள். வெங்கட்ராமன் காலத்தில் இது தெரியாது.

குழாய் சூலுக்குள் போய் உடைந்து இரண்டு ஆண் இனச்செல்களையும் விடும். ஒன்று அண்டத்தோடு சேரும். அது குட்டிச் செடியாகும் கரு. மற்றொன்று, பக்கத்தில் உள்ள மையச் செல்லோடு சேரும். அது அந்தக் கருவுக்கு உணவாகும். நாம் சோறாகச் சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி இந்த உணவுதான். அதாவது இரண்டாவது ஆண் செல் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டித் தருகிறது! இதற்கு இரட்டைக் கருவுறுதல் என்று பெயர். ரஷ்ய நாட்டு அறிஞர் நவாஷின் 1898-இல் லில்லிப் பூவில் இதைக் கண்டறிந்தார். அப்போது வெங்கட்ராமனுக்கு 14 வயது. உங்களில் சிலருடைய வயது.

இப்போது கோயம்புத்தூருக்குத் திரும்புவோம்.

பெண் யார் என்று தெரியும். தென்னிந்தியாவில் பயிராகிவந்த 'வெள்ளை' என்ற பருமனான கரும்பு. மாப்பிள்ளை யார்? பார்பரும் வெங்கட்ராமனும் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாணல்! ஆம், நம் முல்லைப் பெரியாற்றங்கரையிலும் வைகைக் கரையிலும் தானாக முளைத்து நிற்கிறதே, ஆடுமாடுகூட முற்றிய தோகையைச் சீந்தாதே, அதே நாணல்தான். அதைக் கடித்துப் பார்த்தால் இனிப்பு இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கும். ஆனால் அது கரும்புக்குப் பங்காளி. ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. வெள்ளம் வந்தாலும் சாயாது, வெயில் கொளுத்தினாலும் காயாது, குளிருக்கும் அசையாது. நோய் வந்தாலும் எளிதில் விழாது.

சர்க்கரை வேண்டும் என்று கிளம்பியவர்கள் சர்க்கரையே இல்லாத புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! இனிப்புக் கரும்போடு சப்பைப் புல்லைக் கலந்தால் பிள்ளையும் சப்பையாகத்தானே வரும் என்று யாருக்கும் தோன்றும். நாணலைக் கலந்து வயலில் பயிரிடத் தகுந்த கரும்பை அதுவரை யாரும் திட்டமிட்டு உண்டாக்கியது இல்லை.

வேலையும் எளிதல்ல. மல்லிகைப் பூ அளவுக்கு இருந்தால் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிடலாம். கரும்புப் பூ அரிசியை விடச் சிறியது. ஒரு கதிரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எத்தனை கிள்ளுவது? கிள்ளாவிட்டால் தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழுந்துவிடும். பிறகு நாணலுக்கு எங்கே இடம்?

இதற்கு ஒரு வழி உண்டு. சில கரும்பு வகைகளில் மகரந்தம் பெயருக்குத்தான் இருக்கும், உள்ளே சத்து இருக்காது. அப்படிப்பட்டதைப் பெண்ணாக வைத்துக்கொண்டால் கிள்ள வேண்டிய வேலையே இல்லை. மகரந்தம் நல்லதா, பொக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகுமே, அதே சோதனைதான்! நல்ல மகரந்தத்தில் ஸ்டார்ச் நிறைந்திருக்கும், அயோடின் பட்டதும் கறுக்கும். பொக்கு மகரந்தம் வெளுப்பாகவே கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்து எண்ணிவிடலாம். கரும்பு வளர்ப்பாளர்கள் இன்றும் இப்படித்தான் ஆண், பெண் பிரிக்கிறார்கள்.

அடுத்த தொல்லை நேரம். கரும்பு மகரந்தத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. திறந்த வெளியில் சுமார் அரை மணி நேரத்தில் உயிர் போய்விடும். நீங்கள் மதிய இடைவேளையில் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் ஒரு தூளின் வாழ்க்கை முடிந்துவிடுகிறது! அதற்குள் அது சூல்முடியைப் பிடித்தாக வேண்டும். ஆகையால் விடிகாலையிலேயே வயலில் நிற்க வேண்டும். ஆண் கதிரைக் கொண்டுவந்து பெண் கதிருக்கு மேலே பிடித்துத் தட்ட வேண்டும். வேற்று மகரந்தம் காற்றில் வந்து விழாமல் பெண் கதிருக்குத் துணிக்கூண்டு கட்ட வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும். அவை வயலின் இரண்டு மூலைகளில் இருந்தால், கரும்பின் கணுவில் மண் வைத்துக் கட்டி, அங்கே வேர் விட்டதும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். வெட்டிய கரும்பு வாடாமல் நின்று விதையை முற்றவைக்கும்.

இந்த அரை மணி நேரத்தை நீட்டிக்க முடியுமா என்று வெங்கட்ராமன் பிறகு தனியாகவே ஆராய்ந்தார். கரும்பு மகரந்தத்தை முளைக்க வைத்துப் பார்ப்பது, கெடாமல் சேமித்து வைப்பது பற்றி 1922-இல் கட்டுரை எழுதினார்.

1912-இல் வெள்ளைக் கரும்பின் கதிரில் நாணலின் மகரந்தம் விழுந்தது. விதை பிடித்தது. பஞ்சுபோன்ற அந்த விதைகளை மண் நிரப்பிய சட்டிகளில் தூவி முளைக்க வைத்தார்கள். முளைத்து வந்தவை முதலில் புல்லைப் போலத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் வளர்த்து, எண் கொடுத்து, சாறு பிழிந்து சோதிக்க வேண்டும். ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒன்று ஒல்லி, ஒன்று குட்டை, ஒன்று புளிப்பு. பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகும். நல்லது என்று தோன்றியதை வடக்கே அனுப்பி அங்கேயும் சில ஆண்டுகள் நட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறு ஆண்டுகள் ஓடின. 1918-இல் கோ 205 என்ற கரும்பு பஞ்சாப் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். குளிரைத் தாங்கியது. அங்கே இருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. நாணலின் பிள்ளை வென்றுவிட்டது!

எல்லாம் சரி, பிள்ளைக்கு இனிப்பு எப்படி வந்தது? அதற்கான காரணம் பிறகுதான் வெளியானது. பொதுவாகப் பிள்ளைக்கு அம்மா பாதிக் குரோமோசோம், அப்பா பாதிக் குரோமோசோம் தருவார்கள். ஆனால் பருமனான கரும்பு தாயாகவும் நாணல் தகப்பனாகவும் இருந்தால், தாய் பாதியாக்காமல் தன்னிடம் உள்ள எண்பதையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. கோயம்புத்தூர் நாணலின் குரோமோசோம்கள் 64. அதன் ஆண் இனச்செல் முறைப்படி பாதியாகி 32-ஐக் கொண்டுவருகிறது. கூட்டிப் பாருங்கள். 112. தாயின் பங்கு அதிகம், அதனால் இனிப்புக் காப்பாற்றப்பட்டது. தகப்பனின் பங்கு குறைவு, ஆனாலும் உடல் உறுதிக்குப் போதும். மாப்பிள்ளை பெண் இடம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

பார்பர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின், நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942-இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கேயே இருந்தார். முப்பது ஆண்டுகள், ஒரே ஊர், ஒரே பயிர்! கோ 205-உடன் நின்றுவிடாமல் அந்தப் பிள்ளைகளுக்கும் மேலும் மேலும் கல்யாணம் செய்து வைத்தார். கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என்று வரிசையாக வந்தன. சில கப்பலேறிப் போயின. கோ 281 தென்னாப்பிரிக்காவிலும் கோ 290 அமெரிக்காவின் லூசியானாவிலும் பயிராயின. ஒரு காலத்தில் சர்க்கரைக்கு வெளிநாட்டை நம்பிக்கிடந்த நாட்டின் கரும்பை வெளிநாட்டார் கேட்டு வாங்கினார்கள்.

தெற்கத்தி மக்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லையா? 1933-இல் கோ 419 வந்தது. நல்ல பருமன், நல்ல சாறு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கரும்பைப் பற்றிப் பேசினால் பெயர் சொல்லமாட்டார்கள், எண்ணைத்தான் சொல்வார்கள். நானூற்றுப் பத்தொன்பது எப்படி, வெல்லம் எத்தனை மூட்டை என்று வெல்லக் கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவர்களும் அறிந்திருக்கமாட்டார்கள், நானும் அறியவில்லை.

1932-இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு அதிக வரி போட்டு, உள்நாட்டு ஆலைகளுக்கு அரசு பாதுகாப்புத் தந்தது. அதற்கு முன் நாட்டில் முப்பது சொச்சம் சர்க்கரை ஆலைகள்தான் இருந்தன. சில ஆண்டுகளில் அவை நூறைத் தாண்டின. வரி மட்டும் போட்டுவிட்டால் ஆலை ஓடிவிடுமா? அரைப்பதற்குக் கரும்பு வேண்டாமா? அந்தக் கரும்பு கோயம்புத்தூரிலிருந்து போயிருந்தது.

வெங்கட்ராமனுக்கு ஆசை அடங்கவில்லை. கரும்பு முற்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது. சோளம் நான்கு மாதத்தில் விளைந்துவிடுகிறது. கரும்பில் சோளத்தின் மகரந்தத்தைத் தூவினால் சீக்கிரம் விளையும் கரும்பு கிடைக்காதா? தூவிப் பார்த்தார். 1930-களில் கரும்பு-சோளக் கலப்பினச் செடிகள் வளர்ந்தன. மூங்கிலோடும் முயன்றார். அவை எல்லாம் விவசாயிகளின் வயலுக்கு வரவில்லை. எந்தத் தூரத்து உறவின் மகரந்தக் குழாய்வரை கரும்புச் சூலகம் அனுமதிக்கும் என்று சோதித்துப் பார்த்த துணிச்சல் அது. அதே நிலையத்தில் அப்போது வேலை பார்த்த புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து 1938-இல் வெளியிட்டார்.

1937-இல் ஐதராபாத்தில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதற்குத் தலைவர் வெங்கட்ராமன். வாழ்நாள் முழுவதும் கரும்போடு இருந்தவர் தலைமை உரையில் எதைப் பற்றிப் பேசியிருப்பார்? கரும்பைப் பற்றி அல்ல! இந்தியக் கிராமம் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இனி எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போனது. அவர் சட்டியில் விதைத்ததெல்லாம் யாருடைய வயலுக்காக என்பதை அவர் மறக்கவில்லை.

ஆங்கில அரசு அவருக்குச் 'சர்' பட்டம் தந்தது. சுதந்திர இந்தியா 1956-இல் பத்மபூஷண் விருது தந்தது. 1963-ஆம் ஆண்டு அவர் காலமானார்.

அவர் வேலை பார்த்த நிலையம் இன்று கரும்பு இனப்பெருக்க நிறுவனம் என்ற பெயரில் கோவையில் இயங்குகிறது. தமிழ்நாட்டு வயல்களில் நீண்ட காலமாகப் பேர்போன கோ 86032 கரும்பும் அங்கே பிறந்ததுதான். இன்றைக்கு உலகில் பயிராகும் கரும்பு வகைகளில் அநேகமாக எல்லாவற்றின் உடம்பிலும் நாணலின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. ஆலையிலிருந்து வந்து உங்கள் டீயில் கரைகிற சர்க்கரைக்கும் ஆற்றங்கரைப் புல் ஒரு பாட்டன்!

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஏழாம் வகுப்பு மாணவனைச் சின்னமனூர்ப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இப்போது அவனுக்கே பள்ளி செல்லும் பிள்ளைகள். அப்பா விட்ட நிலத்தில் கரும்பு போடுகிறான். பழைய கேள்வியை நினைவுபடுத்தி, நான் அன்று சொன்னது தவறு, கரும்புக்கு விதை உண்டு என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு உடனே அடுத்த கேள்வியைக் கேட்டான். அப்படியானால் நாங்கள் ஏன் சார் இன்னும் கரணை வாங்கி நடுகிறோம், விதையையே விதைத்துவிடலாமே?

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நூறு விதை போட்டால் நூறும் நூறு விதமாக முளைக்கும். ஒவ்வொன்றும் வேறொரு ஆண் இனச்செல் வேறொரு அண்டத்தோடு சேர்ந்து பிறந்தது. அதில் ஒன்று கோ 419 மாதிரி இருக்கலாம், மற்றவை நாணலாகவே போகலாம். ஒரு நல்ல கரும்பு கிடைக்கும்வரைதான் விதை. கிடைத்துவிட்டால் அதை மாறாமல் காப்பாற்றக் கரணை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கம்பம் பேருந்து வந்துவிட்டது. அவன் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அந்தப் பஞ்சு விதையை எங்கே சார் பார்க்கலாம் என்று கேட்டான். கார்த்திகையில் எங்காவது வெட்டாமல் விட்ட கரும்பு பூத்து நின்றால் போய்ப் பார், அதன்பின் ஒரு மாதம் கழித்துக் கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார் என்று நான் கத்திச் சொன்னேன். காதில் விழுந்ததோ என்னவோ!